தண்ணி ஓடுதா?

வலது கையில் ஒரு மக், இடது கையில் ஒரு மக். வலது கை ஊற்றி முடிப்பதற்குள் இடது கை மொண்டு தயாராக நிற்க வேண்டும். நடுவில் ஒரு நொடி விட்டாலும் உள்ளே படுத்திருப்பவளுக்குத் தெரிந்துவிடும். தையல்காரர் ஹாலில் மீன் தொட்டியின் மர அலமாரிக்கு முன்னால் முழங்காலிட்டு, அலமாரிக்குள் இருந்த கீழ்த்தொட்டியில் தண்ணீரை மொண்டு அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கால்மணி நேரமாக இதுதான் வேலை. சட்டைக் கை இரண்டும் உப்புத் தண்ணீரில் நனைந்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணி ஓடுதா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"ஓடுது மேஸ்திரி. காதுல விழலையா?"

பதில் வருவதற்குள் அவர் நாலு மக் ஊற்றிவிட்டார். ஒரு வாக்கியம் பேசிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு மூச்சைச் சேர்க்க அவளுக்கு இப்போதெல்லாம் அவ்வளவு நேரம் ஆனது.

"விழுது," என்றாள்.

தண்ணீர் ஓடவில்லை. ஓடவும் முடியாது. அதை அவளிடம் போய்ச் சொல்லத்தான் அவருக்கு நாக்கு எழவில்லை.

அவள் உண்மையில் மேஸ்திரி இல்லை. நீச்சல் குளம் கட்டும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் குழாய்ப் பாதைக்குப் படம் போட்டவள். தண்ணீர் எங்கே ஏறி எங்கே இறங்கும், எந்த வளைவில் வேகம் குறையும், எங்கே காற்று சிக்கும் என்பதைக் காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் சமையலறைக்குக் குழாய் போட வந்த ஆளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அவன் கைக் குறடை வாங்கி அவளே திருகினாள். அன்றைக்கு அவர் வைத்த பெயர்தான் மேஸ்திரி. சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் மறந்தே போயிருந்தது.

ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீரை ஓட்டியவளுக்கு வீட்டில் உப்புத் தண்ணீர்மேல் ஆசை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடல் மீன் தொட்டியை வாங்கி ஹாலில் வைத்தாள். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். எந்நேரமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, அதே சமயம் பிரிந்தும் இருக்க மாட்டாமல் சுற்றியதால் அவற்றுக்குச் சம்பந்திகள் என்று பெயர். கடையில் ரெடிமேடாக வந்த தொட்டி அது. தண்ணீர் விழுகிற சத்தம் வீட்டையே நிறைக்கும். "எவனோ குழாயைத் திறந்து விட்டுட்டு ஊருக்குப் போயிட்ட மாதிரி இருக்கு" என்று ஆறு வருஷமும் அவர் புலம்பினார். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் கனவில்கூட நனைந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் தொட்டி அடியில் விரிசல் விட்டது. அதே வாரம்தான் இனி மருந்து வேண்டாம், வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று டாக்டரும் சொன்னார். சம்பந்திகளைத் தற்காலிகமாக ஒரு நீல டிரம்மில் விட்டார்கள். அவள் வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, புதுத் தொட்டிக்குப் படம் போட ஆரம்பித்தாள்.

"இதுங்க டிரம்ல ரொம்ப நாள் தாங்காது. நான் இருக்கும்போதே ஓட்டிடணும்," என்றாள்.

"நீ இருக்கும்போதுன்னா? எங்க போகப் போற?" என்று அவர் கேட்டார்.

"ஸ்கேலை எடுங்க," என்றாள் அவள்.

திட்டம் சுருக்கமானதுதான். மேல்தொட்டியில் மீன். அங்கிருந்து தண்ணீர் வடிகால் குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். அவள் அளவு சொல்லச் சொல்ல அவர் அறுத்தார். முப்பது வருஷமாகத் துணி வெட்டிய கை. முதல் குழாயை வழக்கப்படி ஒரு இஞ்ச் தையலுக்கு விட்டு வெட்டிவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "இது என்ன ஜாக்கெட்டா, பெருத்தா பிரிச்சு விட்டுக்க?" என்றாள். சிரித்தாள். அன்றைக்கு அவளால் சிரிக்க முடிந்தது.

கடைசி வடிகால் குழாயின் நுனியில் எல்போ என்கிற வளைவுத் துண்டை ஒட்டும்போது அவள் தூங்கிவிட்டாள். நேற்று மாலை. எழுப்ப மனசு வரவில்லை. படத்தில் "எல்போ வாய் இடது பக்கம்" என்று எழுதியிருந்தது. தையல்காரருக்கு இடது என்றால் போட்டிருக்கிறவரின் இடதுதான். சட்டைப் பையை அப்படித்தான் வைக்க வேண்டும், பார்க்கிறவனுடைய இடதை நம்பி ஊசியை எடுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். தொட்டி நம்மைப் பார்த்து நிற்கிறது, ஆக அதனுடைய இடது நமக்கு வலது என்று ஒரு நிமிஷம் நின்று நிதானமாக யோசித்து, தன் புத்தியை மெச்சிக்கொண்டு, பசையைத் தடவி எல்போவை வலது பக்கம் திருப்பி அழுத்தினார். காலையில் சோதனைக்காக வடிகாலில் ஒரு மக் ஊற்றியபோதுதான் தெரிந்தது. தண்ணீர் கீழ்த்தொட்டிப் பக்கமே போகாமல் சுவரில் அடித்துத் தரையில் பரவியது. படம் போடுகிறவளுக்கு இடது என்றால் பார்க்கிறவளின் இடது.

தையலாக இருந்தால் பிரித்துவிடலாம். பசை ஒட்டினால் ஒட்டினதுதான். அறுத்தால் அதோடு சேர்த்து ஒட்டிய வால்வும் போய்விடும். புதிதாக வாங்கி ஒட்டினால் முழுசாக ஒரு நாள் காய வேண்டும். மோட்டாரைத் தனியாகக் கழற்றி ஓட்டலாம் என்றால் அதையும் ஒட்டியாகிவிட்டது. அந்தக் குழப்பத்தில் நிற்கும்போதுதான் தினமும் எட்டு மணிக்கு வரும் நர்சம்மா வந்தாள். உள்ளே போய் மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவரை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"பொண்ணை உடனே கிளம்பி வரச் சொல்லுங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்குறதே பெருசு."

மகளுக்குப் போன் செய்தார். அவள் வந்து சேர மதியம் ஆகும். உள்ளே போனால், "பசை காஞ்சிருக்கும்ல? ஓட்டுங்க, கேக்கலாம்," என்றாள் மனைவி. ராத்திரியே எல்லாம் முடிந்தது என்று பெருமையடித்திருந்தார். இப்போது தப்பாக ஒட்டிவிட்டேன், உன் தண்ணீர் நாளைக்குத்தான் ஓடும் என்று எந்த வாயால் சொல்வது? சரி மேஸ்திரி என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்து இரண்டு மக்குகளைத் தேடி எடுத்தார்.

இப்போது கை கடுத்தது. நீல டிரம்முக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தத்துக்கு அது போதும் என்று கணக்குப் போட்டிருந்தார். சம்பந்திகள் இரண்டும் விளிம்புக்கு வந்து அவரைப் பார்த்தன. இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று நினைத்திருக்கலாம்.

"நல்லா ஓடுது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"போதுங்க. நிறுத்திட்டு இங்க வந்து உக்காருங்க."

"இரு, பத்து நிமிஷம் ஓடட்டும். எங்கயாவது ஒழுகுதான்னு பார்த்துட்டு வரேன்."

"வந்து உக்காருங்களேன்."

"வரேன், வரேன்."

அவர் போகவில்லை. போய் உட்கார்ந்தால் முகத்தைப் பார்ப்பாள். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன ஒரு பொய்கூட அவளிடம் செல்லுபடியானதில்லை. இந்த ஒன்றாவது நிற்கட்டும் என்றிருந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அந்த அறையில் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. உட்காருவதைவிட ஊற்றுவது சுலபமாக இருந்தது.

பத்து நிமிஷம் பதினைந்தானது. மக்குகளைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

அவள் முகம் ஹால் பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. போர்வைமேல் வலது கை மல்லாந்து கிடந்தது.

"நிறுத்திட்டேன் மேஸ்திரி," என்றார்.

பிறகு இன்னொரு தடவையும் சொன்னார்.

மகள் வந்தபோது மணி பன்னிரண்டரை. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசியா என்னப்பா சொன்னாங்க?"

"நல்லா ஓடுதுன்னு சொன்னா."

"எது?"

"தண்ணி. தொட்டியில ஓட்டிக் காட்டினேன். கேட்டுக்கிட்டே போயிட்டா."

அதற்கப்புறம் மனைவி சொன்னதை அவர் சொல்லவில்லை. மகள் அவர் தோளில் சாய்ந்து, "அது போதும்ப்பா. அந்த ஒரு ஆசைதான் வச்சிருந்தாங்க," என்றாள். அவர் தலையாட்டினார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா மாடிவீட்டு அம்மாவிடம், "தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உயிர் போச்சாம். குடுத்து வச்சவ," என்றாள். வந்தவர்கள் எல்லோரும் அலமாரியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த அவளுடைய பழைய மேலாளர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவங்க போட்ட லைன் ஓடாம இருக்குமா சார்," என்று கண்கலங்கினார். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னது பொய் என்பதற்காக மட்டும் இல்லை. அவள் நம்பிவிட்டுப் போனாளா, இல்லை இந்த ஆள் ஏமாற்றுகிறான் என்று தெரிந்துகொண்டே போனாளா. அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவளை மறுநாள் காலை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய மதியம், மனைவியின் தம்பி அலமாரிக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏ.சி. மெக்கானிக். குழாய் என்றால் கை சும்மா இருக்காது. அவர் குளித்துவிட்டு வந்தபோது டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தான். மகள் சமையலறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"மாமா, இது எப்படி ஓடுச்சு?"

அவர் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"எல்போ செவுத்தைப் பார்த்துல்ல இருக்கு."

"ஓடலை மச்சான்," என்றார். "மக்குல மொண்டு ஊத்தினேன்."

தம்பி அலமாரிக் கதவைச் சாத்தினான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அதுதான் தெரியலை."

"என்ன சொன்னா?"

"நல்லா ஓடுதுன்னா."

"அப்புறம் என்ன மாமா? நம்பிட்டா. நிம்மதியாப் போயிட்டா. விடுங்க."

"அவளை ஏமாத்த முடியாதுடா. கம்பெனியில மோட்டார் சத்தத்தைப் போன்ல கேட்டே எந்த வால்வு மூடியிருக்குன்னு சொல்லுவா."

"அதெல்லாம் நல்லா இருக்கும்போது. கடைசி நேரத்துல யாருக்கு என்ன தெரியும்?"

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்துகொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பிழிந்த துண்டு.

"ஓட்டிப் பார்க்கணும்," என்றார். "நிஜமா ஓடினா எப்படிக் கேக்கும்னு தெரியணும். நான் ஊத்தின சத்தமும் இதும் ஒண்ணா இருந்தா, அவ நம்பியிருப்பா."

தம்பி அவரை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் மறுப்பு சொல்லவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய் எல்போவும் வால்வும் ஒரு நீளக் குழாயும் வாங்கி வந்தான். அறுத்து, உரசி, பசை தடவி, நம்முடைய இடது பக்கமாகத் திருப்பி ஒட்டினான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து டார்ச் பிடித்தார். காயட்டும் என்று ஒரு நாள் முழுக்க விட்டார்கள். அந்த ஒரு நாளில் அவர் ஐந்தாறு தடவை வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

நான்காம் நாள் காலையில் வாடகைக் கட்டிலை எடுத்துப்போக ஆள் வந்தான். கட்டில் போனதும் உப்புக் கலந்த தண்ணீரைக் குடம் குடமாக மேல்தொட்டியில் நிரப்பினார்கள். மகள் அம்மாவின் கோப்பிலிருந்து இரண்டாவது தாள் ஒன்றை எடுத்து வந்தாள். முதல் முறை ஓட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிய தாள். அவர் அதைப் பார்த்ததே இல்லை. ஓட்டும்போது நான் கூட இருந்து சொல்கிறேன் என்று மனைவி சொல்லியிருந்தாள், அதனால் அவரும் கேட்கவில்லை.

"ஸ்விட்சைப் போடலாமா மாமா?" என்று தம்பி கேட்டான்.

"நான் உள்ள போயிடறேன். அப்புறம் போடு."

"உள்ள எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"அங்கயிருந்து கேக்கணும்."

அவர் அறைக்குப் போய், அவள் தலை வைத்திருந்த இடம் எது என்று பார்த்து, அங்கே நின்றுகொண்டார். கதவு அன்றைக்குத் திறந்திருந்த அளவுக்கே திறந்திருந்தது. ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு குழாய்க்குள் காற்று திக்கித் திணறியது. அப்புறம் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. களகளவென்று, விட்டுவிடாமல், கீழ்த்தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

அதே சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அச்சு அசல் அதே சத்தம். மக்கில் ஊற்றியதற்கும் இதற்கும் அவருடைய காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நம்பியிருக்கிறாள். நல்லா ஓடுது என்று அவள் சொன்னது நிஜமாகவே சொன்னதுதான். நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிறைவாக அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது தம்பி அவரைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டான்.

"அதேதான் மச்சான்," என்றார். "அப்படியே இருக்கு."

"நான்தான் சொன்னேன்ல."

"ஒரு டீ போடும்மா," என்றார் மகளிடம். நான்கு நாளில் அவராக வாய் திறந்து கேட்டது அதுதான்.

"இருங்கப்பா, இன்னும் முடியலை. அம்மா இன்னும் எழுதியிருக்காங்க." மகள் தாளில் விரலை ஓட்டினாள். "தண்ணி விழ ஆரம்பிச்சதும் வடிகால் வால்வைக் கால் கால் சுத்தா மூடணுமாம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் பொறுக்கணுமாம்."

"வால்வு அதுக்குத்தானா?" என்றான் தம்பி. குனிந்து கால் சுற்று மூடினான். அவர் டீயை மறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். இன்னொரு கால் சுற்று. களகளப்பு கொஞ்சம் தணிந்தது. காற்று போய்க் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பத் தொடங்கியது. இன்னொன்று. சத்தம் முனகலாகக் குறைந்தது. தம்பி விரல் நுனியால் மயிரிழை அளவுக்குத் திருகினான்.

சத்தம் நின்றது.

அவர் பதறி எழுந்தார். "நின்னுடுச்சா? மோட்டாரைப் பாரு."

"இல்லை மாமா, ஓடுது. பாருங்க." தம்பி ஒரு காகிதத் துணுக்கைக் கிழித்து மேல்தொட்டியில் போட்டான். அது சுழன்று, வடிகாலின் விளிம்பு வரைக்கும் போய், உள்ளே இழுபட்டு, கீழ்த்தொட்டியில் எட்டிப் பார்த்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டிருந்தது. ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்தது தெளிவாகக் கேட்டது.

"கடைசி வரி என்னம்மா?" என்று அவர் கேட்டார்.

மகள் படித்தாள். "சத்தம் அடியோடு நின்றால்தான் லைன் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். சத்தம் வந்தால் ஓட்டத்தில் கோளாறு. இனி அவருக்கு மதியத் தூக்கம் கெடாது."

படித்து முடித்ததும் அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "பாருங்கப்பா, உங்களுக்காகத்தான் போட்டிருக்காங்க இந்த லைனை."

தம்பி சிரிக்கவில்லை. அவன் வால்விலிருந்து கையை எடுக்காமல் அவரைத் தலைதூக்கிப் பார்த்தான். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னொரு தடவை படி," என்றார் அவர்.

மகள் இன்னொரு தடவை படித்தாள். அவர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, மெல்லத் திரும்பி அறைப் பக்கம் நடந்தார்.

"எங்கப்பா போறீங்க? சம்பந்திகளை விட வேண்டாமா?"

"நீங்க விடுங்க," என்றார். "அம்மா வந்து உக்காரச் சொன்னா."

மகள் மாமனைப் பார்த்தாள். அவன் டிரம் பக்கம் போய்க் குனிந்துகொண்டான்.

அறையில் கட்டில் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. சக்கரங்கள் அழுந்தியிருந்த நாலு தடம் மட்டும் தரையில் தெரிந்தது. அவர் தலைமாட்டுத் தடத்துக்குப் பக்கத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார். ஹாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.